எந்த ரபாத்?

வலெத்தாவின் நகர வாசலுக்குப் பக்கத்தில் சுற்றுலாத் தகவல் மேசை ஒன்று இருந்தது. அதற்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு, எந்த ஊருக்கு எந்த பஸ், எந்தக் கப்பல் என்று வெளிநாட்டுக்காரர்களுக்குச் சொல்வதுதான் மரியெல்லாவின் உத்தியோகம். அவள் குடும்பத்தில் கல்லூரிப் படி மிதித்தவள் அவள் ஒருத்திதான். சின்னத் தீவான கோசோவிலிருந்து கப்பலேறிப் பெரிய தீவான மால்டாவுக்கு வந்து, புவியியலில் வாங்கிய பட்டம். அந்தப் பட்டத்துக்கு நாடு கொடுத்த மரியாதை, வெயிலில் வெந்து சிவந்த ஜெர்மன்காரனிடம், "ரபாத்தா? எண்பதாம் நம்பர், மஞ்சள் பஸ், ஏறி உட்காருங்க, நேரே போகும்" என்று நாள் முழுக்கச் சொல்லவைத்ததுதான்.

அப்படிப்பட்டவள்தான் ரபாத்துக்கு வழி தவறிப் போனாள். சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்து முடித்துவிடலாம்.

ரபாத் என்று இரண்டு ஊர் இருக்கிறது. மால்டாவில் ஒன்று, கோசோவில் ஒன்று. கோசோ ரபாத்துக்கு எப்போதோ ஓர் இங்கிலாந்து ராணியின் பெயரைச் சூட்டி விக்டோரியா என்று எழுதிவைத்தார்கள். வரைபடத்தில் அப்படித்தான் இருக்கும். கோசோவில் பிறந்தவர் யாரும் அந்தப் பெயரை வாயில் எடுப்பதில்லை. தகவல் மேசையில் மட்டும் சட்டம் வேறு. சேர்ந்த அன்றே மேலதிகாரி சொல்லிவிட்டார்: "அதை விக்டோரியான்னே சொல்லு. ரபாத்னு சொன்னே, வர்றவன் குழம்பிப் போவான்." மரியெல்லாவும் அப்படியே சொல்லிப் பழகினாள். பழகினால் எதுதான் வராது.

அந்த வியாழக்கிழமை அவள் காப்பி குடித்துவிட்டுத் திரும்பியபோது, பக்கத்து நாற்காலி ஷார்மேன் நகத்துக்குச் சாயம் பூசிக்கொண்டே சொன்னாள்.

"உங்க அக்கா போன் பண்ணாங்கப்பா."

"எந்த அக்கா?"

"உனக்கு எத்தனை அக்கா?"

ஒருத்திதான். மூன்று வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாத ஒருத்தி, கொன்செட்டா.

"ஞாயித்துக்கிழமை மூணு மணிக்கு ரபாத், அகுஸ்தினார் கோயில். பையனுக்கு ஞானஸ்நானமாம். நீதான் ஞானத்தாயா நிக்கணுமாம். அப்புறம்..." ஷார்மேன் நகத்தை ஊதினாள். "நீ வரலைன்னா நாத்தனார் நிப்பாளாம். இதை அழுத்திச் சொல்லுன்னாங்க."

மரியெல்லாவுக்கு முதலில் கோபம்தான் வந்தது. எது வந்தாலும் அவளுக்கு முதலில் கோபமாகத்தான் வரும். ஏன் என்னிடமே பேசினால் வாய் கோணிக்கொள்ளுமா என்று நினைத்தாள். தானும் திருப்பிக் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் 'ஹலோ' என்று தொடங்க வேண்டும், அதற்குப் பிறகு என்ன சொல்வதென்று தெரியவில்லை. ஆனால் ஒன்று தெரிந்தது. கொன்செட்டா இதை ஒரு தடவைதான் கேட்பாள். ஞாயிற்றுக்கிழமை அந்தக் குழந்தையைக் கையில் வாங்காவிட்டால், அக்கா வீட்டு வாசல் இனிமேல் திறக்காது.

சண்டை பெரிய சொத்துத் தகராறெல்லாம் இல்லை. கொன்செட்டா கட்டிக்கொண்டது சல்வு என்கிற மால்டாக்காரனை. கல்யாண விருந்தில் கொன்செட்டா மாமியாரிடம் பேசும்போது, மால்டாக்காரர்கள் தொண்டையிலேயே விழுங்கிவிடுகிற ஓர் எழுத்தை அவளும் விழுங்கிவிட்டாள். கோசோ பக்கம் அதைக் காறி எடுத்துச் சொல்வார்கள். மரியெல்லா எல்லார் காதிலும் விழும்படி, "மோதிரம் ஏறி ஒரு மணி நேரம் ஆகலை, அதுக்குள்ள வாயை மாத்திக்கிட்டா பாரு மால்டாக்காரி" என்றாள். கொன்செட்டா கேக் கத்தியைக் கீழே வைத்தாள். பேச்சையும் அதோடு வைத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மரியெல்லா தன் வாயால் ஆயிரம் பேருக்குச் சொன்ன அந்த மஞ்சள் பஸ்ஸில் ஏறினாள். டிரைவர் தலைக்கு மேலே மாதா படம், அதற்கு மின்னுகிற விளக்கு, ஜன்னலெல்லாம் ஆட்டம். ரபாத்தில் இறங்கி, பஸ்திட்சிப் பலகாரக் கடை வாசனையைத் தாண்டி, அகுஸ்தினார் கோயிலுக்கு நடந்தாள். நேரம் இருந்தது. சொல்ல வேண்டிய முதல் வார்த்தையை மட்டும் இன்னும் யோசித்துக்கொண்டிருந்தாள்.

கோயில் கதவு சாத்தியிருந்தது. படியில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். தலையில் குடைக்குச் சமானமான ஊதா நிறத் தொப்பி. மடியில் ரிப்பன் கட்டிய பெரிய வெள்ளைப் பெட்டி. மரியெல்லாவுக்கு அந்த முகத்தை எங்கேயோ பார்த்த ஞாபகம். கேக் கத்தி ஞாபகத்தோடு சேர்ந்து வந்தது. சல்வுவின் அக்கா லூர்தெஸ். வரவில்லையென்றால் நிற்கப்போகிற அந்த நாத்தனார்.

"வந்துட்டியா," என்றாள் லூர்தெஸ், ஏமாற்றத்தை மறைக்காமல். "நீ வரமாட்டேன்னு நெனச்சு நான் புதுத் தொப்பி வாங்கினேன்."

"தொப்பி வீணாப் போகாதுங்க. மழைக்கு ஆகும்."

"வாய் அப்படியேதான் இருக்கு."

பெட்டியில் இருந்தது ஞானஸ்நான உடுப்பு. சல்வு வீட்டில் மூன்று தலைமுறைக் குழந்தைகள் போட்டுக்கொண்ட உடுப்பாம். அதைக் கஞ்சி போட்டுத் தேய்த்துக் கொண்டுவருவது லூர்தெஸின் பொறுப்பு. புருஷன் அவளை இங்கே இறக்கிவிட்டு, பந்தாட்டம் பார்க்கப் போய்விட்டான்.

மணி மூன்று அடித்தது. யாரும் வரவில்லை. அடித்த மணியின் ரீங்காரம் அடங்கி, பூனை ஒன்று தெருவைக் கடந்துபோனது. அப்போதும் யாரும் வரவில்லை. மரியெல்லா கோயிலை ஒட்டிய மடத்துக் கதவைத் தட்டினாள். சாப்பாட்டுத் துண்டு கழுத்திலிருக்கிறபடியே ஒரு துறவி எட்டிப் பார்த்தார்.

"ஞானஸ்நானமா? இன்னிக்கா? இங்கயா?"

"மூணு மணிக்குன்னாங்க சாமி."

"யாரு சொன்னா?"

மரியெல்லாவும் லூர்தெஸும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். துறவி, நல்லா விசாரிச்சுட்டு வாங்கம்மா என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

"என்கிட்ட சல்வுதான் சொன்னான்," என்றாள் லூர்தெஸ். "அவன் சொல்றது பாதி, முழுங்கறது பாதி. ரபாத், அகுஸ்தினார், மூணு மணி. இதை மூணு தடவை திருப்பிக் கேட்டேன்."

"என்கிட்டயும் அதேதான் சொன்னாங்க."

"அப்ப ஊர் சரி, கோயில் சரி, நேரம் சரி. ஆளுங்கதான் தப்பா?"

"உங்க அம்மா எங்க?"

"அவங்க நேத்தே சல்வு, கொன்செட்டாவோட கிளம்பிட்டாங்க. எங்கன்னு நான் எதுக்குக் கேக்கணும்? ரபாத்துக்குத்தான்." லூர்தெஸ் தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டாள். "நேத்தே எதுக்குக் கிளம்பினாங்கன்னு இப்பத்தான் இடிக்குது. வீட்லேர்ந்து ரபாத்துக்கு அரை மணி நேரம். ஆமா, உங்க அக்காவுக்கு அகுஸ்தினார் மேல திடீர்னு என்ன பக்தி? எங்க ஊர்ல இல்லாத கோயிலா? உங்க குடும்பமே அகுஸ்தினார் குடும்பமா?"

"இல்லையே. எங்கப்பா ஜார்ஜியார் கட்சி. அம்மா வீட்டுக்காரங்க மாதா கட்சி. ஜார்ஜியார் கோயில்ல வெச்சா சித்திங்க வரமாட்டாங்க. மாதா கோயில்ல வெச்சா அப்பா வாசல்படி மிதிக்கமாட்டாரு. ரெண்டுக்கும் பொதுவா ஒரு கோயில் வேணும்னா..."

வாக்கியம் அங்கேயே நின்றது.

ஜார்ஜியார் கட்சி, மாதா கட்சி என்று திருவிழாப் பட்டாசிலும் பாண்டு வாத்தியத்திலும் போட்டி போட்டு ஊரை இரண்டாகப் பிளந்து வைத்திருக்கும் ரபாத் ஒன்றுதான். அந்த ரபாத்தில்தான், யார் பக்கமும் சாயாத அகுஸ்தினாரைத் தேடிப்போக வேண்டிய தேவை ஒருத்திக்கு வரும். அது அவள் பிறந்த ரபாத்.

"கோசோ," என்றாள் மரியெல்லா.

"என்ன கோசோ?"

"கோசோ ரபாத். அங்கயும் ஒரு அகுஸ்தினார் கோயில் இருக்கு. என் வீட்டுக்குப் பின்தெருவுல."

லூர்தெஸ் விசிறுவதை நிறுத்தினாள். "அதுக்குப் பேரு விக்டோரியா இல்ல?" என்றாள். பிறகு, "நான் மால்டாக்காரி, எனக்குத் தெரியலை. நீ அந்த ஊர்க்காரி. உனக்கு எப்படி?"

மரியெல்லா எட்டு வருஷமாக மால்டாவில் இருக்கிறாள், அக்காவும் மால்டாவில் இருக்கிறாள், ரபாத் என்றதும் எண்பதாம் நம்பர் பஸ்தான் மனத்தில் வந்து நின்றது. வேறு ரபாத் இருக்கிறது என்பதே அந்த மூன்று நாளில் ஒரு தடவைகூடத் தோன்றவில்லை. அது எப்படித் தோன்றாமல் போகும்? முடிந்திருந்தால் அவள் தன் தலையைத் தானே சந்தேகமாகப் பார்த்திருப்பாள்.

பக்கத்து மதுக்கடையில் போன் கேட்டு வாங்கி, அப்பா வீட்டுக்கு அடித்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது. எல்லாரும் கோயிலில் இருக்கும்போது யார் எடுப்பார்கள்.

"சரி, நீதான் ஊருக்கே வழி சொல்றவ. எப்படிப் போறது?" என்றாள் லூர்தெஸ்.

மரியெல்லா விரலை மடக்கத் தொடங்கினாள். பஸ்ஸில் போனால் இங்கிருந்து கீழே வலெத்தாவுக்கு இறங்கி, அங்கே மாறி, வந்த தூரத்தைப்போல இரண்டு மடங்கு வடக்கே போய்ச் சிர்கெவ்வா துறையில் கப்பல் பிடிக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பஸ்கள் மனம் வந்தால் வரும். பக்கத்திலிருந்த இம்தீனாக் கோட்டை வாசலில் ஒரு டாக்ஸி நின்றது, ஆனால் கதவைத் திறந்துபோட்டு, டிரைவர் காலை வெளியே நீட்டித் தூங்கிக்கொண்டிருந்தான். எழுப்பியதற்கு, சாயங்காலம் ஸ்வீடன்காரர்களுக்கு முன்பதிவு என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டான். குதிரை வண்டிக்காரன் ஒருவன் தானாகவே முன்வந்தான்.

"கோசோவா? ஏறுங்க. கடல்வரைக்கும் குதிரை, அதுக்கப்புறம் அது நீந்தும்."

"ஹெலிகாப்டர் இருக்கே," என்றாள் லூர்தெஸ். "விமான நிலையத்துலேர்ந்து ரஷ்யாக்காரன் ஹெலிகாப்டர் போகுதாம். காது கிழியுமாம், ஆனா சீக்கிரமாம்."

"விமான நிலையத்துக்கு எப்படிப் போறது?"

"அதுக்குத்தான் உன்னைக் கேக்கறேன்."

கற்றுக்கொடுத்த படிப்பெல்லாம் இவ்வளவுதான் என்று மரியெல்லாவுக்குக் கண் எரிந்தது. தீவின் நீளம் அகலம், மண்ணின் வகை, காற்று வீசும் திசை எல்லாம் தெரியும். ஓர் அகுஸ்தினார் கோயிலிலிருந்து இன்னோர் அகுஸ்தினார் கோயிலுக்குப் போக வழி தெரியவில்லை. அப்போதுதான் காலிப் பழக்கூடைகளை ஏற்றிய ஒரு பழைய வேன் கோட்டை வாசலைச் சுற்றி வந்தது. ஓட்டியவர் ஸ்டிராபெரி விவசாயி. பெயர் சிக்கு. பின்னால் நடந்ததைப் பார்த்தால், தெரிந்துதான் வைத்திருக்கிறார்கள்.

மரியெல்லா கையை நீட்டி வேனை நிறுத்தினாள். "ஐயா, இம்ஜாருக்குப் போகணும். ரொம்ப அவசரம்."

கோசோவில் கப்பல் போய் நிற்கிற துறைக்குப் பெயர் இம்ஜார். கோசோக்காரர்களுக்கு ஊருக்குப் போவது என்றால் இம்ஜாருக்குப் போவதுதான். இவ்வளவு நேரம் மறந்துபோயிருந்த ஊர், இப்போது அவசரத்தில் வாய்க்குள் வந்துவிட்டது. வர வேண்டிய நேரத்தில் வராமல், வரக்கூடாத நேரத்தில்.

"இம்ஜாரா? நானும் அங்கதான் போறேன், ஏறுங்க," என்றார் சிக்கு.

மூன்று பேரும் பெட்டியும் தொப்பியும் முன்சீட்டில் நெருக்கி உட்கார்ந்தார்கள். வேன் இரண்டு பக்கமும் கல்சுவர் வைத்த சந்துகளில் நுழைந்து நுழைந்து போனது. குறுக்கு வழி போலிருக்கிறது என்று மரியெல்லா நினைத்தாள். லூர்தெஸ் ஒன்றும் கேட்கவில்லை, தெரிந்த ஊருக்குப் போகிறவளைப்போலச் சாய்ந்துகொண்டாள். வேன் ஒரு சதுக்கத்தில் போய் நின்றது. எதிரே முட்டையைக் கவிழ்த்து வைத்தாற்போலக் கோபுரம் வைத்த ஒரு கோயில்.

"இம்ஜார். இறங்குங்க," என்றார் சிக்கு.

மரியெல்லா இறங்கிச் சுற்றும் முற்றும் பார்த்தாள். "கடல் எங்க?"

"கடலா? இங்க எதுக்கும்மா கடல்? இது இம்ஜார்."

மால்டாவிலும் ஓர் இம்ஜார் உண்டு. வயல் நடுவே உள்ள கிராமம். இது அவளுக்குத் தெரியாதா என்ன? தகவல் மேசையில் அதற்கும் ஒரு பஸ் நம்பர் சொல்வாள்.

"உங்களுக்குமா தோணலை?" என்று அவள் லூர்தெஸிடம் பாய்ந்தாள்.

"நீ இம்ஜார்னு சொன்ன. இம்ஜார் வந்துச்சு. நான் என்னத்தைக் கேக்க?" லூர்தெஸ் பெட்டியை அணைத்துக்கொண்டாள். "ஏம்மா, உங்க தீவுல சொந்தமா ஒரு பேருகூடக் கிடையாதா? எல்லாம் எங்ககிட்டேர்ந்து எடுத்ததா?"

"யாருகிட்டேர்ந்து யாரு எடுத்தது? உங்களுதுதான் நகல்."

"சண்டையை வண்டியில போட்டுக்கலாமே," என்றார் சிக்கு, இன்ஜினை அணைக்காமல். என்ன விஷயம் என்று கேட்டார். மரியெல்லா சொன்னதில் அவருக்கு ஒன்றும் புரியவில்லை. எந்த ரபாத்திலிருந்து எந்த ரபாத்துக்கு, எந்த இம்ஜாருக்கு, எந்த அகுஸ்தினார் என்று இரண்டு தடவை கேட்டுவிட்டு, கேட்பதையே விட்டுவிட்டார். "கடைசியில கப்பல்தான? அதை மொதல்லயே சொல்லிருந்தா ரபாத்துலேர்ந்து வேற ரோடு. மெல்லியா மேடுவரைக்கும் விடறேன். அந்த இறக்கத்துல இந்த வண்டியை நான் விடமாட்டேன். பிரேக்குக்கும் எனக்கும் பேச்சு இல்லை."

மெல்லியாவில் இறங்கி, கடலில் குளித்தவர்கள் மணலும் ஈரத் துண்டுமாக நசுங்கிக்கொண்டு போன மஞ்சள் பஸ்ஸில் தொற்றி, சிர்கெவ்வா போனார்கள். ஒரு கப்பல் அப்போதுதான் கதவை மடக்கிக்கொண்டு கரையை விட்டு விலகியது. அடுத்ததற்காகக் காற்றில் நின்றார்கள். லூர்தெஸின் தொப்பி ஒரு தடவை பறந்து, ஒரு லாரிக்காரன் பிடித்துக்கொடுத்தான்.

கப்பல் மேல்தட்டில் உட்கார்ந்த பிறகுதான் லூர்தெஸ் கேட்டாள். "கல்யாணத்துல எதுக்கு அப்படிப் பேசின? நாங்க எல்லாம் பக்கத்துலதான் நின்னோம். மால்டாக்காரின்னா அது என்ன கெட்ட வார்த்தையா?"

"அவ தன் பேச்சை விட்டுட்டா. அதைச் சொன்னேன்."

"நீ?"

"நான் என்ன?"

"இன்னிக்கு முழுக்க உன்னோட இருக்கேன். உன் பேச்சுல கோசோ வாடையே இல்லையே. என் பக்கத்து வீட்டுப் பொண்ணு பேசற மாதிரி இருக்கு. கொன்செட்டா வாயைத் தொறந்தா இன்னிக்கும் கடைக்காரன், கோசோவான்னு கேக்கறான். அதுக்காகவே அவகிட்ட எதுக்கும் விலையைக் குறைக்கமாட்டான். மாமியாரு எரிச்சல்படுவாங்க, இவ மாத்திக்கமாட்டா. அன்னிக்குக் கல்யாணத்துல ஏதோ மரியாதைக்கு ஒரு வார்த்தை எங்களை மாதிரி பேசிப் பாத்தா. அதைத்தான் நீ பிடிச்ச."

மரியெல்லா கடலைப் பார்த்தாள். பல்கலைக்கழகத்தில் முதல் வருஷம், அவள் எழுந்து ஒரு கேள்விக்குப் பதில் சொன்னபோது, அந்த ஓர் எழுத்துக்காக வகுப்பே சிரித்தது. அன்று ராத்திரி விடுதிக் கண்ணாடி முன் நின்று அந்த எழுத்தைத் தொண்டையிலிருந்து எடுத்தெறியப் பழகினாள். முள்ளை எடுப்பதுபோல. எடுத்த பிறகு அந்த இடம் வலித்ததா என்று இப்போது யோசித்தால் நினைவில்லை. அக்காவிடம் கோபித்துக்கொண்டது எதற்காக என்பதும் சரியாக நினைவில்லாமல் போனதுபோல இருந்தது. யார் போனது, யார் இருந்தது என்பதே கலங்கிவிட்டது.

கோசோவின் இம்ஜார் துறையில் சாம்பல் நிற பஸ் இன்ஜின் உறுமிக்கொண்டு நின்றது. மரியெல்லா கப்பலில் வந்தவர்களுக்கெல்லாம் முந்தி ஓடிப்போய்ப் படியில் கால் வைத்து, மூச்சு வாங்கக் கேட்டாள்.

"விக்டோரியா போகுமா?"

டிரைவர் அவளை ஏற இறங்கப் பார்த்தான். பிறகு மிகவும் மரியாதையாக, வெளியூர்க்காரிக்குச் சொல்வதுபோல நிறுத்தி நிறுத்திச் சொன்னான். "போகும் மேடம். கடைசி ஸ்டாப். உள்ளே உக்காருங்க. ஊர் வந்தா நானே சொல்றேன்."

பின்சீட்டில் யாரோ சிரித்தார்கள். மரியெல்லா, நான் இந்த ஊர்க்காரிதான் என்று சொல்ல வாயெடுத்தாள். அதையும் மால்டா உச்சரிப்பில்தான் சொல்ல வேண்டியிருக்கும் என்று தோன்ற, பேசாமல் உட்கார்ந்தாள்.

அகுஸ்தினார் சதுக்கத்தில் வெயில் சாய்ந்துவிட்டிருந்தது. கோயிலுக்குள் மாலைப் பூசை தொடங்கி, பாட்டு கேட்டது. வெளியே மரத்தடி பெஞ்சின் இந்தக் கோடியில் அவள் அப்பா நார்து உட்கார்ந்திருந்தார், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு. அந்தக் கோடியில் மாதா கட்சியைச் சேர்ந்த ஜூசா சித்தி, முகம் நிறையச் சிரிப்போடு. நடுவில் சல்வு, அவன் அம்மா, கையில் குழந்தையோடு கொன்செட்டா.

"முடிஞ்சுபோச்சு," என்றார் அப்பா, வா என்றுகூடச் சொல்லாமல். "சாமி நாலு மணிவரைக்கும் பாத்தாரு. அதுக்கப்புறம் பூசைக்கு ஏற்பாடு பண்ணணும்னுட்டாரு. என் பேரனை மாதா கட்சிக்காரி தூக்கிட்டா. நாளைக்கு நான் எப்படி ஜார்ஜியார் கிளப்புக்குப் போவேன்?"

"நான் தூக்கத்தான் தூக்கினேன் அத்தான்," என்றாள் ஜூசா சித்தி. "ஞானத்தாய் அவதான். நான் அவளுக்குப் பதிலாளு. கொன்செட்டா சாமிகிட்ட ஒரே பிடியா நின்னாளே, என் தங்கச்சி பேருதான் சொல்லணும்னு."

மரியெல்லா அக்காவைப் பார்த்தாள். கொன்செட்டா அவளைப் பார்க்கவில்லை. லூர்தெஸைப் பார்த்தாள், பெட்டியைப் பார்த்தாள், ஒடிந்து தொங்கிய தொப்பியைப் பார்த்தாள்.

லூர்தெஸ் முந்திக்கொண்டாள். "கப்பல் தாமதம் கொன்செட்டா. ஒரே காத்து. பஸ்ஸும்..."

"கப்பல் இல்லை," என்றாள் மரியெல்லா. "நான் அந்த ரபாத்துக்குப் போயிட்டேன்."

சல்வு தலையைக் குனிந்து செருப்பை ஆராய்ந்தான். தன் அக்கா லூர்தெஸுக்குத் தான் சொன்னதில் ஏதோ குறை என்று அப்போதுதான் அவனுக்கு உறைத்திருக்க வேண்டும்.

"அப்பா அப்பவே சொன்னாரு," என்றாள் கொன்செட்டா. குரல் உயரவில்லை. "அவ அங்கதான் போயிருப்பா, வா தொடங்கலாம்னு. நான் இல்லைன்னேன். அவ ரபாத்துக்காரி, அவளுக்கு ரபாத்துன்னா எதுன்னு தெரியும், கப்பல்ல ஏதோ ஆயிருக்கும்னு சாமியை ஒரு மணி நேரம் நிறுத்தி வெச்சேன்."

"போன்ல நம்ம ரபாத்துன்னு ஒரு வார்த்தை..."

"சொல்ல நெனச்சேன்டி. கோசோ ரபாத்துன்னு சொல்லிடுவோமான்னு வாய்வரைக்கும் வந்துச்சு. அப்படிச் சொன்னா நீ என்ன சொல்லுவ? பாரு, மால்டாக்காரி ஆயிட்டா, நம்ம ஊரையே வெளியூர் மாதிரி கோசோ ரபாத்துங்கறான்னு சொல்லுவ. அதுக்குப் பயந்துகிட்டு வெறும் ரபாத்துன்னேன்."

மூன்று வருஷத்துக்கு முன்னால் தான் எறிந்த கல் எந்த வழியாகச் சுற்றி இன்றைக்கு வந்து விழுந்தது என்று மரியெல்லாவுக்கு வரைபடம் போடத் தெரியவில்லை.

"பேச்சை மாத்திக்கிட்டது நான்தான்," என்றாள். அந்த எழுத்தைக் காறி எடுத்துச் சொல்ல முயன்றாள். தொண்டையில் ஏதோ சிக்கி இருமலாக வந்தது.

ஜூசா சித்தி சிரித்துவிட்டாள். அப்பாவும் திரும்பிக்கொண்டார், சிரிப்பதை மாதா கட்சி பார்த்துவிடக் கூடாதென்று. கொன்செட்டா சிரிக்கவில்லை.

லூர்தெஸ் இதற்குள் பெட்டியின் ரிப்பனை அவிழ்த்திருந்தாள். மூன்று தலைமுறை உடுப்பை இத்தனை தூரம் கொண்டுவந்தது கொண்டுவந்ததுதான், ஒரு தடவை போட்டுப் பார்த்துவிட வேண்டும் என்றாள். பெஞ்சிலேயே குழந்தைக்கு மாட்டினார்கள். கை நுழைந்தது, கழுத்து நுழையவில்லை. சல்வு வீட்டுக் குழந்தைகள் எல்லாம் எலிக்குஞ்சு மாதிரி இருந்திருக்கும், இது கோசோத் தலை என்றார் அப்பா. அன்றைக்கு அவர் சந்தோஷமாகச் சொன்ன முதல் வார்த்தை அது. பாதி உடுப்பில் சிக்கிக்கொண்ட குழந்தை வீரிட்டது.

கொன்செட்டா அதை உருவி எடுத்து, குழந்தையை அப்படியே மரியெல்லாவின் கையில் வைத்தாள். கொடுத்தாள் என்று சொல்ல முடியாது. கை நிறைய சாமான் இருக்கிறவர்கள் பக்கத்தில் நிற்கிறவர் கையில் ஒன்றைத் திணிப்பார்களே, அப்படி. குழந்தை கனமாக இருந்தது. தலையில் இன்னும் ஞானஸ்நான எண்ணெயின் வாசனை.

"காத்துல நிக்க வேணாம்," என்றாள் கொன்செட்டா, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு. "வீட்டுக்குப் போலாம்."

சல்வு மால்டாவுக்குத் திரும்பக் கார்ச் சாவியை எடுத்தான். அப்பா பெஞ்சிலிருந்து எழுந்து தன் வீட்டுப் பக்கம் ஓர் அடி வைத்தார். இரண்டு பேரும் இரண்டு பக்கம். மரியெல்லா நடுவில் நின்றாள். இன்றைக்கு நம்பி ஏறிய ஒவ்வொரு வார்த்தையும் அவளை வேறெங்கோ கொண்டுபோய் இறக்கிவிட்டிருந்தது.

"எந்த வீட்டுக்கு?" என்று கேட்டாள்.

கொன்செட்டா திரும்பி, அன்றைக்கு முதல் தடவையாக அவள் முகத்தை நேராகப் பார்த்தாள். முன்னால் நடக்கத் தொடங்கினாள். மரியெல்லா குழந்தையின் தலையை நெஞ்சில் சாய்த்துக்கொண்டு, அக்கா எந்தப் பக்கம் திரும்புகிறாள் என்று பார்த்துக்கொண்டே, பின்னால் போனாள்.